கார்டை மூடும் மதியம்

கராகண்டி நகரத்தின் பனி வெளிச்சம் ஜன்னல் வழியாகச் சமையலறை மேஜைமேல் விழுகிறது. பேருந்து ஓட்டுநர் தல்கத் சீருடையைக்கூடக் கழற்றாமல் வங்கிக்கு ஃபோனில் பேசிக்கொண்டிருக்கிறான். தம்பி கல்யாணத்துக்காகக் கிரெடிட் கார்டில் ஏறிய கடனை இன்று காலைதான் கட்டி முடித்தான். மூன்று குளிர்காலமாக இந்த வீட்டில், இந்த ஊர்க் குளிர்கால விருந்தான குதிரைக்கறி வேகவில்லை. கார்டை மூடச் சொன்னால், ஸ்பீக்கரில் வங்கிப் பெண் கொஞ்சுகிறாள். "ஒழுங்கா கட்டினதுக்கு ரொம்ப நன்றி அண்ணா. உங்க லிமிட்டை ஏத்தியிருக்கோம், இனிமே ரெண்டு மடங்கு செலவு பண்ணலாமே, எதுக்கு மூடறீங்க?" பவுர்சாக் மாவு உருண்டைகளை எண்ணெயில் பொரித்துக்கொண்டிருந்த அவன் மனைவி மர்ஜானின் கரண்டி எண்ணெய்க்கு மேலே அப்படியே நிற்கிறது. தல்கத்தின் கண்கள், வாசலோரம் கிடக்கும், நான்கு முறை பசை போட்டு ஒட்டிய அவளுடைய பூட்ஸுக்குப் போகின்றன. "என்ன பார்க்கறே? உன் பஸ்ஸைவிட அது நல்லாவே ஓடும்," என்கிறாள் அவள். அவன் சிரித்துவிடுகிறான். "மூடிடும்மா. நன்றியை என் பொண்டாட்டிக்குச் சொல்லு. மூணு வருஷமா நானே சொல்லலை." ஃபோனை வைக்கும் முன்பே அவன் தலைமேல் மர்ஜான் அள்ளி வீசும் மிட்டாய்கள் மழையாகக் கொட்டுகின்றன. தேநீர்க் கோப்பைக்குள்ளும் ஒன்று விழுகிறது. "ஏய், இது வீட்டுக்கு வர்ற புதுப்பொண்ணு மேல தூவறதுடி!" "தெரியும். கடனை அடைக்க மூணு வருஷமா பஸ்ஸிலேயே குடியிருந்தே. இன்னைக்குத்தானே வீட்டுக்கு வந்திருக்கே," என்கிறாள் மர்ஜான், அடுத்த கைப்பிடியை அள்ளியபடி.