நிலா தூங்கும் நேரம்

"இதெல்லாம் யாரும்மா எழுதினது? நீங்களா?" டாக்டர் அனுராதா தாள்களை மேசைமேல் போட்டார்.

"இல்லைங்க டாக்டர். நிலாவோட அப்பா," என்றாள் மேகலா.

ஆறு வயது தமிழ்நிலா, டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு அம்மாவின் முழங்காலுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை. ராத்திரியில் படுக்கவைத்தாலும் அடிக்கடி எழுந்து, சம்மணமிட்டுக் குனிந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். "குறட்டை விட்டா புள்ள நல்லா தூங்குதுன்னு அர்த்தம்" என்று ஒரத்தநாட்டுச் சொந்தங்கள் சொல்லிவிட்டார்கள். நல்லவேளை, மேகலா அதை நம்பவில்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் மூச்சே நின்று நின்று வரலாம் என்பது அனுராதாவுக்குத் தெரியும். ஆனால் தூக்கப் பரிசோதனைக்கு மூன்று மாத வரிசை. 'அவசரம்' என்று எழுதிக் கொடுத்தால் அடுத்த வாரமே நடக்கும். அதற்காகத்தான், "பத்து ராத்திரி பார்த்துக் குறிச்சுக்கிட்டு வாங்க" என்று போன முறை சொல்லி அனுப்பியிருந்தார்.

குறிப்பு என்னவோ அபாரம்தான். 'மூச்சு இல்லை, 14 விநாடி. இடப்பக்கம் திருப்பியதும் சரி.' நர்ஸ்கூட இவ்வளவு சுத்தமாக எழுத மாட்டார்.

"ஏழு மணிக்குத் தூங்கினாள்னு போட்டிருக்கே?"

"ஒன்பதரை ஆயிடுங்க."

"மூணரைக்கு எழுந்தாளாம்!"

"ஆறு மணிக்குத்தாங்க எழுந்திரிப்பா."

அனுராதாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஒண்ணும் பொருந்தலையே. அவர் ராத்திரியில வீட்டுலதான் இருக்காரா?"

"நைட் டூட்டிங்க. வாட்ச்மேன்."

"சரியாப் போச்சு!" மூன்று முறை வந்தும் அந்த மனுஷன் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. படிவத்தில் 'இரவில் குழந்தையைக் கவனிப்பவர்' என்ற இடத்தில் 'தாய் மட்டும்' என்று அழுத்தி எழுதினார். "நீங்களாவது முழிச்சிருந்து பார்த்தீங்களா?"

மேகலா தலை குனிந்தாள். "நடவுக்குப் போயிட்டு வந்து படுத்தா, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடுவேங்க."

"அப்ப இது உட்கார்ந்து எழுதின கதை. இதை நம்பி எப்படி நான் அவசரம்னு எழுதுறது?"

மேகலாவின் கண்கள் நிறைந்துவிட்டன. "கதை இல்லைங்க டாக்டர். போனை நிலா பக்கத்துல தலகாணியில சாய்ச்சு வச்சிடுவேன். விடிய விடிய வீடியோவுல பார்த்துக்கிட்டே இருப்பார். மூச்சு நின்னா, 'மேகலா, புள்ளயத் திருப்பு'ன்னு கத்துவார். எழுந்து திருப்பிப் போடுவேன். காலையில நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்புவார். அதைத்தான் பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வந்தேன்."

அனுராதாவின் குரல் இறங்கிவிட்டது. "சரிம்மா, ஆனா நேரம் ஏன் இப்படித் தப்பா..."

"தப்பு இல்லைங்க. அது குவைத் நேரம். ரெண்டரை மணி நேரம் கூட்டிக்கணும்."

அனுராதா 'தாய் மட்டும்' என்பதை அடித்துவிட்டு, 'தாயும் தந்தையும்' என்று எழுதி, மேலே பெரிதாக 'அவசரம்' என்று போட்டார்.