இளைக்கிற ஊசி

"ஏத்தா விஜி, என்ன இது?"

தோட்டத்துத் திராட்சையை வைக்க பிரிட்ஜைத் திறந்த மாரீஸ்வரி, தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்த நீளமான அட்டைப்பெட்டியை வெளியே எடுத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"செல்லுல காட்டுனாகளே, ஒடம்பு எளைக்கிற ஊசி. அதானே?"

தம்பி பெண்டாட்டி விஜி ஒரு நிமிஷம் திருதிருவென்று விழித்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"அதேதான் மதினி. வாரத்துக்கு ஒண்ணு."

"யாருக்கு?"

சோபாவில் இருந்த தம்பி சீனிச்சாமி வாயைத் திறப்பதற்குள், "எனக்குத்தான்" என்றாள் விஜி.

போதாதா மாரீஸ்வரிக்கு? பண்ணைப்புரத்திலிருந்து போடிக்கு பஸ் ஏறி வந்த களைப்பெல்லாம் பறந்துவிட்டது.

"பேரன் பேத்தி எடுக்குற வயசுல எளைச்சு எந்தப் படத்துல ஆடப் போற?"

"ஆசையா இருக்கு மதினி."

மதியச் சாப்பாட்டில் கோபம் இன்னும் ஏறியது. கறிக்குழம்பு என்றால் மூன்று தடவை சோறு வாங்குகிற தம்பி, கைப்பிடிச் சோற்றோடு எழுந்துவிட்டான்.

"போதும்க்கா."

"என்னலே போதும்? அவ எளைக்கிறதுக்கு நீ பட்டினி கெடக்கணுமா? கொழம்புல உப்பக் காணோம். பேருலயும் சீனி, ஒடம்புலயும் சீனின்னு ஏற்கெனவே மாத்திரையா முழுங்குற. வாய்க்கு ருசியா ஆக்கிப் போடக்கூட இவளுக்கு ஒடம்பு வணங்கல!"

விஜி தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மாரீஸ்வரிக்குத் தம்பி என்றால் உயிர். அம்மா போன பிறகு அவனை வளர்த்ததே அவள்தான். போன ஆனியில் புருசன் இருதயம் பலவீனமாகிப் போய்ச் சேர்ந்ததிலிருந்து, அவளுக்கென்று இருப்பது இந்த ஒருத்தன்.

சாயங்காலம் கிளம்பித் தெருமுனை வரை போனவள் பஸ் போர்டைப் படிக்கக் கண்ணாடியைத் தேடினாள். கண்ணாடி பிரிட்ஜ் மேலேயே இருக்கிறது! முணுமுணுத்துக்கொண்டே திரும்பினாள்.

ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே சீனிச்சாமி சட்டையைத் தூக்கிப் பிடித்திருக்க, அவன் வயிற்றில் விஜி அந்த ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அவன் கணுக்காலைக் கட்டைவிரலால் அமுக்கி, குழி விழுகிறதா என்று பார்த்தாள்.

அந்த அமுக்கல் மாரீஸ்வரிக்குத் தெரியும். ஒன்றரை வருசம், தினமும் காலையில், புருசன் காலில் அவள் அமுக்கிப் பார்த்த அதே அமுக்கல்.

"வீக்கம் வத்திருச்சுங்க. படியும் மூச்சு வாங்காம ஏறுறீக. எடை கொறையக் கொறைய நெஞ்சுக்குப் பாரம் கொறையும்னு டாக்டர் சொன்னாகள்ல?"

"அக்காகிட்ட சொல்லிருக்கலாம். நீ எதுக்கு இம்புட்டுப் பேச்சு வாங்குற?"

"அவுக புருசனப் பறிகொடுத்து இன்னும் வருசம் திரும்பல. தம்பிக்கும் அதே நோவுன்னா தாங்குவாகளா? என்னைய நாலு ஏச்சு ஏசிட்டு நிம்மதியாத் தூங்கட்டும், விடுங்க."

மாரீஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காலையிலிருந்து பேசிய ஒவ்வொரு பேச்சும் அவளையே சுட்டது. சத்தமில்லாமல் வாசல் கேட் வரை போய்க் கண்ணை அழுத்தித் துடைத்தாள். பிறகு கேட்டைத் தடாலென்று சாத்தி, செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்தாள்.

"கண்ணாடிய விட்டுட்டுப் போயிட்டேன்!"

விஜி அவசரமாக ஊசிப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இப்பத்தான் போட்டுக்கிட்டேன் மதினி" என்று சிரித்தாள்.

கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்ட மாரீஸ்வரி, விஜியை ஒரு தரம் நன்றாகப் பார்த்தாள். பிறகு வழக்கம்போலக் குரலை உயர்த்தினாள்.

"எளைக்கணும்னு ஆரம்பிச்சுட்டேல்ல? ஒரு வாரங்கூட அந்த ஊசிய விட்றாத, என்னப் பெத்த ஆத்தா!"