ஆறாவது பட்டம்

உயில் நான்காவது வரியில் நின்றுவிட்டது.

தமிழ்செல்வி தட்டிய எழுத்துகள் திரைக்கு வந்து சேரவில்லை. டைப்பிங் கடை முதலாளி போன வாரம் போட்ட ஆன்டிவைரஸ், கம்ப்யூட்டரில் இருந்த ஃபைல்களை ஒவ்வொன்றாக மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. அது முடிகிறவரை வேர்ட் நகராது என்றாள். பாதியில் நிறுத்தினால் முதலாளி திட்டுவாராம்.

முதல் மூன்று வரியும் வேதாசலத்தின் பட்டங்கள். கரும்பு விவசாயிகள் சங்க முன்னாள் தலைவர், முருகன் கோயில் படித்திருவிழாப் புரவலர் என்று தொடங்கி ஆறாவதாகக் கொடை வள்ளல். கடைசியை இன்று காலையில் அவரே யோசித்துச் சேர்த்திருந்தார்.

நான்காவது வரியில்தான் விஷயம். மைத்துனன் சிவப்பிரகாசத்துக்கு எழுதிய பழைய உயில் ரத்து. நிலம் முழுக்க மகளுக்கு.

மணி மூன்றே கால். நாலுக்குள் ரிஜிஸ்டர் ஆபீசில் இருக்க வேண்டும். மலைக்குப் போய் முருகனைப் பார்த்துவிட்டு வருவதாகத்தான் வீட்டில் சொல்லியிருந்தார். அத்தாட்சிக்காக, கடையின் சாமி படத்துக்கு முன்னால் இருந்த விபூதியை எடுத்துப் பட்டையாகப் பூசிக்கொண்டார்.

திரையில் ஃபைல் பெயர்கள் ஊர்ந்தன. காதுகுத்து. பயோடேட்டா. மஞ்சள் நீராட்டு.

வேதாசலம் அஞ்சலி.

இங்கிலீஷ் எழுத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். திறக்கச் சொன்னார்.

நேற்று தனக்கு லீவு, முதலாளி அடித்திருப்பார், வேறு யாராவது வேதாசலமாக இருக்கும் என்றாள் தமிழ்செல்வி. குரல் இறங்கியிருந்தது.

ஃபைல் மேலிருந்து கீழாக, விரற்கடை விரற்கடையாகத் திறந்தது. கண்ணீர் அஞ்சலி. பிறகு அவருடைய தலைமுடி. நெற்றி. மீசை.

பக்கத்தில், துக்கம் தாங்காமல் கைகூப்பியபடி, அவரைவிட இரண்டு மடங்கு பெரிதாகச் சிவப்பிரகாசம்.

அடியில் பட்டங்கள். வேதாசலம் விரல்விட்டு எண்ணினார். ஐந்துதான்.

“கொடை வள்ளல் எங்க காணோம்?”

தமிழ்செல்வி அடுத்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இப்படி முன்கூட்டியே அடித்து வைப்பது ஊரில் உண்டு. மறைவுத் தேதியை மட்டும் கடைசியில் போட்டுக்கொள்வார்கள்.

வேதாசலத்துக்கு இதுவரை ஒரு தலைவலி வந்ததில்லை.

இதில் நாளுக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. மாதமும் வருஷமும் போட்டாகிவிட்டது. ஆகஸ்ட் 2003.

சுவரில் தினசரி காலண்டர் ஆகஸ்ட் 29 காட்டியது.

கம்ப்யூட்டர் மணியடித்தது. எல்லா ஃபைலையும் பார்த்தாயிற்று, ஆபத்து எதுவும் இல்லை என்று பச்சையாக ஒரு கட்டம் வந்தது. உயிலில் தேங்கியிருந்த எழுத்துகளெல்லாம் ஒரே மூச்சில் வந்து விழுந்தன.

வாசலில் சிவப்பிரகாசத்தின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இன்ஜினை அணைக்கவில்லை.

“ரிஜிஸ்டர் ஆபீஸ் தானே, பாவா? ஏறுங்க, நானே கொண்டுபோய் உட்டுடறேன்.”