ஓடைக் கல்

ஆவிக்குளியல் கூடாரத்துக்குள் குனிந்து நுழைந்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அடுப்பின்மேல் குவிந்திருந்த கற்கள் வழவழவென்று இருந்தன. கறுப்பாக, உருண்டையாக.

மறுபடியும் ஓடைக் கல்.

இடது கண்ணின் கட்டுக்கு அடியில் ஏதோ துடித்தது.

ஓடையில் கிடக்கும் கல் தண்ணீரைக் குடித்திருக்கும். நெருப்பில் ஏறினால் வெடிக்கும். மேட்டிலிருந்து காய்ந்த கல்லாகக் கொண்டுவரும்படி அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சொரசொரப்பாக இருந்தாலும் பரவாயில்லை என்றாள்.

ஓடைக் கல்தான் போட்டோவில் எடுப்பாக இருக்கும் என்றான் கணவன் தவசி.

அன்று கற்களின்மேல் முதல் கரண்டித் தண்ணீரை ஊற்றியவள் அவள். கல் வெடித்து, சில்லு கண்ணில் பாய்ந்தது.

இனி அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரியும் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார்.

நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து மலையேறி வந்தாள். இன்று அவள் எழுவதற்குள் தவசி கூடாரம் கட்டி, அடுப்பையும் மூட்டியிருந்தான்.

வெளியே அவன் குரல். துண்டைக் கட்டிக்கொண்டு குளிரில் நின்ற கோயம்புத்தூர்ப் பையன்களிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது தம்பி. அன்னைக்கு இவ வாளியோட கவுத்துட்டா. எதுலயும் அப்படி ஒரு அவசரம்."

சிரித்தார்கள்.

"அக்கா, எங்களுக்கு மெதுவாவே ஊத்துங்க!"

இன்னும் சிரிப்பு.

அவள் பல்லைக் கடித்தாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. புகைக்குழாயின் இணைப்பை அசைத்துப் பார்த்தாள். இறுக்கமாக இருந்தது. காற்று வர அடிப்பக்கத் துணி சுருட்டிக் கட்டியிருந்தது. வாசலோரம் மணல் வாளி, தண்ணீர் வாளி.

கல்லைத் தவிர எல்லாம் சரியாகச் செய்திருந்தான்.

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அடியிலிருந்த ஒரு கல் 'டிக்' என்றது.

யாரும் இன்னும் தண்ணீர் ஊற்றவில்லை. ஆனாலும் அதன் விலாவிலிருந்து நூல்போல ஆவி வந்தது.

அவள் வெளியே வந்தாள். வாசல் துணியை ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறு கையால் நீண்ட கரண்டியைத் தவசியின் முன் நீட்டினாள்.

"இந்தாங்க. இன்னைக்கு நீங்க உள்ள போயி ஊத்துங்க."

தவசி சிரித்தபடியே இருந்தான்.

கரண்டியைப் பார்த்தான். கூடாரத்துக்குள் பார்த்தான்.

கை நீளவில்லை.

முன்னால் நின்ற பையன் அவள் முகத்தைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு தவசியிடம் திரும்பினான்.

"ஊத்துங்கண்ணா."

அவன் குரலில் விளையாட்டு இல்லை.

தவசி ஓரடி பின்னால் வைத்தான்.