அம்மன் கண் திறந்தாள்

“கண்ணகி! படத்துல அம்மா மறுபடியும் கண்ணத் தொறந்துட்டாடீ!”

முதலாளி வீட்டில் பட்டுநூல் வாங்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் வந்த கண்ணகிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கட்டிலில் அவள் புருஷன் தருமன் வெளிறிப்போய்க் கிடந்தான்.

“நீ அந்தாண்ட போனதும் முழிச்சிப் பாக்குறா. ‘உன் பொண்டாட்டி ஊர் தாண்டினா ரத்தம் கக்குவா’ன்றா.”

களம்பூர் மில்லில் நெல் மூட்டை சரிந்து விழுந்ததிலிருந்து தருமனுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. இவள் ஒருத்தி தறி ஓட்டித்தான் வீட்டில் உலை கொதித்தது.

அந்த அம்மன் படம் அவள் தம்பி வேணுகோபால் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. கண்மூடித் தவமிருக்கும் அம்மன். “கண்ணாடி கிண்ணாடி ஒண்ணும் போட வாணாம் மாமா, அப்பிடியே எழுந்து வர்ற மாதிரி தெரியும்” என்று கட்டிலுக்கு நேர் எதிரே மாட்டிவிட்டுப் போனான். சூலம் சுவரைவிட்டு ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்பது போலத் தெரிந்தது.

அம்மன் கண் திறக்கிறாள் என்று தருமன் சொன்ன நாள் முதல் கண்ணகி அந்தச் சுவர்ப் பக்கம் தலை நிமிர்ந்ததே இல்லை. தறியில் உட்கார்ந்திருந்தாலும் யாரோ பிடரியைப் பார்ப்பது போலவே இருக்கும்.

எதிர்வீட்டுப் பாஞ்சாலை வாசலில் மூச்சு வாங்க நின்றாள். “கண்ணமங்கலத்துலேர்ந்து ஆள் வந்துச்சி கண்ணகி. உங்கம்மாவுக்கு மூச்சு இழுத்துகினு கீதாம். ஜல்தியா கெளம்பு.”

“நான் போயி மொகத்த மட்டும் பாத்துட்டு வந்துடறேங்க” என்று கண்ணகி அழுதாள்.

“என்ன ஏன் கேக்குற? அவளக் கேளு” என்று தருமன் படத்தைக் காட்டினான்.

பெற்றவளைவிடப் பயம் பெரிதா? கட்டிலோரம் நின்று, அந்த நாளுக்குப் பிறகு முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். அம்மன் கண் மூடியிருந்தது. தலையணைப் பக்கம் குனிந்து பார்த்தாள், கால்மாட்டில் போய்ப் பார்த்தாள். மூடிய கண் மூடியபடியே இருந்தது.

‘கண்ணத் தொற தாயே’ என்று வேண்டிக்கொண்டே தெரு ஜன்னல் வரைக்கும் நடந்தாள். சட்டென்று இரண்டு கண்களும் அகலத் திறந்தன.

அலறப் போனவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓரடி பின்னால் வைத்தாள், மூடின. முன்னால் வைத்தாள், திறந்தன. தறியில் பாதி நெய்து கிடந்த மயில்கழுத்துச் சேலையும் அப்படித்தான், இந்தப் பக்கம் நின்றால் பச்சை, அந்தப் பக்கம் நின்றால் நீலம்.

திரும்பி ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த தூரத்தைப் பார்த்தாள். கட்டிலைவிட்டு எழாதவனுக்கு அந்தக் கண் எப்படித் திறந்தது?

“இன்னாடி சொல்றா அம்மா?” என்று தருமன் ஈன சுரத்தில் கேட்டான்.

கண்ணகி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி தாண்டினாள்.

“சோறு பானையில கீது. எழுந்து போட்டுகினு துன்னு.”