காலி அடைப்புக்குறி

செங்கல்பட்டு அலுவலகத்தில் வரலட்சுமிக்குக் கொடுத்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக நீளும் ஒரு வரியைப் படித்து, பட்டியலுக்குள் பட்டியலாகப் பிரித்துத் தரும் புரோகிராம் எழுத வேண்டும். இருபது நிமிடத்தில் முடித்தாள். நெம்மேலியிலிருந்து அவள் பஸ் ஏறி வந்த நான்காவது இன்டர்வியூ இது.

திரையைப் பார்த்த, இன்டர்வியூ எடுக்கும் ஞானதாஸின் முகம் மாறியது.

"இது நீயா எழுதினதாம்மா, நெட்ல பார்த்ததா?"

"நெட்ல படிச்சதுதான் சார். காலேஜ்ல எல்லாரும் அத்தப் பார்த்துதான் கத்துக்கினோம்."

"அப்போ காப்பி."

"முழுசா இல்ல சார். அதுல ஒரு தப்பு கீது. உள்ள ஒண்ணுமே இல்லாத காலி அடைப்புக்குறி வந்தா அப்படியே நின்னுடும். அத்த நான் சரி பண்ணிட்டேன். எழுதினவருக்கும் கீழ கமென்ட் போட்டேன். ரெண்டு வருசமாச்சு, அவரு பதிலே சொல்லல."

ஞானதாஸ் ஒரு காலி அடைப்புக்குறியைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தார். ஓடியது.

"சரி, வெளிய உட்காரும்மா."

அவள் போனதும் மேனேஜர் பரிமளா உள்ளே வந்தார். "இன்னா சார், இதுவும் காப்பி கேஸா? அனுப்பிடலாமா?"

"வேலைக்கு எடுத்துக்கங்க மேடம். பதினோரு வருசம் முன்னாடி அந்த புரோகிராம நெட்ல போட்டது நான்தான். இதுவரைக்கும் வந்தவங்க எல்லாம் என் தப்பையும் சேர்த்துக் காப்பி அடிச்சாங்க. இன்னிக்கு வரைக்கும் எனக்கே தெரியாத தப்பு அது."