வழக்கொழிந்த பெயர்

“செத்துப்போச்சு. ஒருத்தன்கூட மிச்சமில்ல. புதைச்ச இடத்துல புல்லே முளைச்சாச்சு!” என்றபடி பேராசிரியர் நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

அச்சகக்காரர் பதறிப்போய் மெஷினை நிறுத்தினார். “அய்யய்யோ, யாரு வீட்டுல சார்?”

“வீட்டுல இல்லய்யா, பன்னிரண்டாம் அத்தியாயத்துல! நான் ஒரு பேரைச் சொல்றேன். ஆயிரம் பிரதி அடிச்சீங்களே, ஒரு பக்கமாவது படிச்சீங்களா?”

அச்சகக்காரர் தலையைச் சொறிந்தார். படித்துக்கொண்டே அடித்தால் அச்சகம் நடக்குமா?

பேராசிரியருக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள். அவர் எழுதியதைப் படிக்காத மூடர்கள், படித்தும் விளங்காத மூடர்கள். அச்சகக்காரரை முதல் வகையில் சேர்த்துவிட்டு, இரண்டாம் வகைக்கு மாற்றும் முயற்சியில் இறங்கினார்.

யாக்கோபு என்ற ஒரே ஒரு பெயரைப் பதினோரு வருடம் துரத்தியவர் அவர். எபிரேயத்தில் பிறந்த பெயர். கிரேக்கத்தில் அதற்கு ஒரு வால் முளைத்தது, அரபியில் யாகூப் ஆயிற்று, ஆங்கிலத்துக்குப் போய் ஜேம்ஸ் என்று கோட்டு மாட்டிக்கொண்டது. ஸ்பானிய மொழியிலோ முன்னால் நின்ற ‘புனித’ என்ற சொல்லையும் சேர்த்து விழுங்கிவிட்டு, சந்தியாகோ என்று ஏப்பம் விட்டது. அந்த ஏப்பம் கப்பலேறித் தமிழுக்கு வந்து சந்தியாகு ஆனது.

“அந்தச் சந்தியாகுதான் செத்துப்போச்சு. கப்பல்ல வந்தது, கப்பல்லயே போயிடுச்சு. என் கண்டுபிடிப்பு!”

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க சார்? ஊர் ஊரா அலைஞ்சிருப்பீங்களே.”

“நான் ஏன்யா அலையணும்? மூணு டெலிபோன் டைரக்டரியை வரி விடாமப் பார்த்தேன். இருந்தா அதுல இருக்க மாட்டானா?” போன் வைத்துக்கொள்ள வக்கில்லாதவனுக்குப் பெயர் ஒரு கேடா என்பது பேராசிரியரின் கட்சி.

“அந்தப் பேருக்கு அர்த்தமாவது தெரியுமா? குதிகாலைப் பிடிக்கிறவன்! அண்ணன் முன்னால பொறக்கறான், இவன் அவன் காலைப் பிடிச்சுக்கிட்டே பின்னால வர்றான். கடைசியில அண்ணனையே கவுத்துடறான்.”

“அப்போ எங்க பங்காளிக்குத்தான் சார் பொருத்தமான பேரு.”

பேராசிரியர் சிரிக்கவில்லை. பிறர் சொல்லும் நகைச்சுவைக்குச் சிரிப்பது ஆராய்ச்சிக்கு இழுக்கு.

மேசைமேல் கிடந்த அட்டையை எடுத்துத் திருப்பினார். பின்பக்கத்தில் அவர் படம். அதன் கீழே கொட்டை எழுத்தில் சவால்: ‘சந்தியாகு என்னும் பெயருடைய ஒரே ஒருவரைக் காட்டினால், இந்நூலை மேடையிலேயே கிழித்தெறிவேன்.’

“நாளைக்கு வெளியீட்டு விழாவுல, காலேஜுல எனக்கு எதிர் ரூம்காரன் முதல் வரிசையில உட்காரப்போறான். இந்த அட்டையைப் பார்த்ததும் அவன் மூஞ்சி போற போக்கைப் பார்க்கணுமே! என் ஆராய்ச்சியில ஓட்டை இருக்குன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறான்.”

“சார், அட்டை எல்லாம் லேமினேட் ஆயிடுச்சா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

விரல்தான். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, இன்னும் அச்சேறாத கடைசிப் பக்கங்களின் ப்ரூஃபைப் பார்த்துக்கொண்டிருந்த நரைத்த தலை. பேராசிரியர் சொல்லச் சொல்ல இந்த நூலை முதலிலிருந்து முடிவுவரை தட்டச்சு செய்தது.

பதினோரு வருடத்துக்கு முன் வேலைக்கு வந்த முதல் நாளே, “எனக்கு உன் விரல் மட்டும் போதும்” என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அதுவே பெயராகிவிட்டது. வருகைப் பதிவேட்டிலும் விரல்தான். இடையிடையே, “சார், ஒரு விஷயம்...” என்று அது வாயைத் திறக்கும். “விரல் பேசுமாய்யா?” என்று இவர் கேட்டதும் அடங்கிவிடும்.

“ஆயிரமும் ஆயிடுச்சுண்ணே, இனிமே ஒரு புள்ளிகூட மாத்த முடியாது” என்றார் அச்சகக்காரர். “ஏன் கேக்கறீங்க?”

“சும்மா கேட்டேன்.”

“கேள்வியெல்லாம் கேக்குது பாருங்க!” என்று பேராசிரியர் கண்ணைச் சிமிட்டினார். “மிச்சப் பக்கத்துக்குப் பிளேட் போட்டு அடிச்சிடலாமா?”

“ஒரு வரிதான் சார் பாக்கி. உள்பக்கத்துல ‘தட்டச்சு’ன்னு இருக்கு, பக்கத்துல பேரு இல்லாம காலியா நிக்குது.”

“விரல்னு போடுங்க!” பேராசிரியர் தன் நகைச்சுவைக்குத் தானே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“நல்லாயிருக்காது சார். வெளிநாட்டு லைப்ரரியெல்லாம் வாங்கப்போகுதுன்னீங்க. பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?”

வெளிநாடு என்றதும் சிரிப்பு நின்றது. பேராசிரியரின் முகத்தில் பெருந்தன்மை மெல்லப் பரவியது.

“சரி, பாவம், பொழைச்சுப்போகட்டும். என் புத்தகத்துல ஏறின பேருக்கு ஏழு தலைமுறைக்குச் சாவு கிடையாது.”

பதினோரு வருடத்தில் முதல்முறையாக, கேட்பதற்காகவே திரும்பினார். விரல் வழக்கம்போல் அவருக்கு ஓரடி பின்னால் வந்து நின்றிருந்தது.

“ஏம்ப்பா, உன் பேரு என்ன?”

நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி, நிதானமாக மூக்கில் மாட்டிக்கொண்டது விரல்.

“சந்தியாகு, சார்.”